கைராசி மீது பழி போடாதீர்கள்!

பால்கனியில் பட்டுப்போகும் சக்குலன்ட் செடிகள்... முதல்முறை வளர்ப்பவர் பிழைக்க வைப்பது எப்படி?

மூன்று நாள் அடைமழை விட்ட காலை. வேளச்சேரி அடுக்ககம் ஒன்றின் நான்காவது மாடி. துணி காயப்போடப் பால்கனிக்கு வந்தவர், கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னத் தொட்டிகளைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். ஆவணியில் ஆசை ஆசையாக வாங்கிவந்த எச்சிவேரியா. நீலச் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக இலை விரித்து, இலை ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடிட்டு, நர்சரியில் கண்ணைப் பறித்த செடி. இப்போது அதன் அடியிலைகள் மஞ்சளித்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு ஊறிக் கிடக்கின்றன. விரலால் தொட்டதும் நான்கைந்து உதிர்கின்றன. தூக்கிப் பார்க்கலாம் என்று பிடித்தால், செடியின் தலை மட்டும் கையோடு வருகிறது. தண்டு இருந்த இடத்தில் பழுப்புக் கூழ். தொட்டிக்குள் இருந்து அழுகல் வாடை.

"நமக்குக் கைராசி இல்லப்பா." அடுத்த நிமிடம் தொட்டியோடு குப்பைக் கூடைக்குப் போகிறது செடி.

கொரோனா ஊரடங்கு நாட்களில் மாடித்தோட்ட ஆசை பரவியதில் இருந்து, நம் நகரங்களில் சக்குலன்ட் இல்லாத இடம் அரிது. அலுவலக மேசை, காபிக் கடை, வரவேற்பறை எங்கும் இருக்கிறது. கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம் என்றால் தாம்பூலப் பையோடு ஒரு குட்டிச் செடியும் வந்துவிடுகிறது. 'தண்ணியே ஊத்த வேண்டாம், தானா வளரும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்கியவர் சில மாதங்களில் குற்ற உணர்ச்சியோடு நிற்கிறார்.

அந்தக் குற்ற உணர்ச்சிக்கு அவசியமே இல்லை. செடி செத்ததற்குக் காரணம் கையில் இல்லை. வேரைச் சுற்றியிருக்கும் மண்ணிலும், தொட்டியின் அடியிலும், நம் ஊர் இரவின் வெப்பத்திலும் இருக்கிறது. காரணம் தெரிந்திருந்தால், குப்பைக்குப் போன அந்தத் தலைகூடப் பிழைத்திருக்கும்.

தாகமா, அழுகலா?

புதிதாக வளர்ப்பவர் சறுக்கும் இடம் ஒன்றுதான். இலை சுருங்கினால் செடிக்குத் தாகம் என்று நினைப்பது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடிக்கும் இலை சுருங்கும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிய செடிக்கும் இலை சுருங்கும். ஏனென்றால் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் தவிக்கும். அதைப் பார்த்துவிட்டு அன்போடு இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுகிறோம். அதோடு முடிகிறது.

இரண்டையும் பிரித்தறியக் கண் மட்டும் போதாது, கையும் வேண்டும். தாகத்தில் இருக்கும் செடியின் இலை மெலிந்து சுருங்கினாலும் தோல் தடிப்பாக, வளைத்தால் வளைவதாக இருக்கும். அடியிலைகள் காகிதமாகக் காய்ந்திருக்கும்; தண்டு கெட்டியாக இருக்கும். அழுகலில் இருக்கும் செடியின் இலை கொழகொழவென்று, உள்ளே நீர் கோத்து, லேசாகத் தட்டினாலே உதிரும். தண்டின் அடி கறுத்து, அமுக்கினால் உள்ளே போகும்.

அப்போதும் சந்தேகமா? தொட்டியில் இருந்து செடியை வெளியே எடுத்துவிடுங்கள். பயம் வேண்டாம். துளசியையோ ரோஜாவையோ இப்படிப் பிடுங்கினால் வாடிவிடும். சக்குலன்ட் இலையிலேயே நீர் சேமித்து வைத்திருப்பதால், வெறும் வேரோடு நாள்கணக்கில் நிழலில் கிடந்தாலும் தாங்கும். இணையத்தில் வாங்கும் செடிகள் மண்ணே இல்லாமல் காகிதத்தில் சுற்றி வருவதும் அதனால்தான். வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, இழுத்தால் அறுபடாமல் இருந்தால் செடி நலம். கறுத்து, வழுவழுப்பாகி, தோல் உருவிக்கொண்டு வந்தால் அழுகல்.

தாகம்தான் என்று உறுதியானால் வைத்தியம் சுலபம். தொட்டியின் அடித்துளை வழியே வழியும் அளவுக்கு ஒருமுறை முழுக்க ஊற்றுங்கள். சில நாட்களில் இலை நிமிரும். தினமும் தெளிப்பானால் இலைமேல் பூந்தூறல் போடுவது வேருக்குப் போய்ச் சேராது. இலை இடுக்கில் நீர் தங்கிப் பூஞ்சணம் வர வழி செய்யும்.

தலையை வெட்டினால் உயிர் தங்கும்

அழுகல் என்றால் தயங்கவே கூடாது. இன்று தண்டின் அடியில் இருக்கும் கறுப்பு, சில நாட்களில் நடுக்குருத்துக்கு ஏறிவிடும்.

கூர்மையான பிளேடு ஒன்றை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக்கு மேலே, தண்டு கெட்டியாக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அழுகல் இன்னும் மேலே இருக்கிறது. பிளேடைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். வெளிர்பச்சையாக, மாசில்லாமல் வரும்வரை விடக் கூடாது. தண்டு முழுக்கப் போய், இலைகளோடு தலை மட்டும் மிஞ்சினாலும் பரவாயில்லை.

அடுத்த கட்டத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெட்டிய தலையை உடனே ஈரமண்ணில் நடுவதுதான் இரண்டாவது கொலை. வெட்டுக்காயம் ஆற வேண்டும். நிழலான, காற்றோட்டமான இடத்தில் நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை அப்படியே வையுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் சில நாள் கூடும். வெட்டுவாய் உலர்ந்து, தோல் மூடிய பிறகுதான் மண். சிலர் மஞ்சள்தூள் தடவுவார்கள், சிலர் பூஞ்சணக்கொல்லி மருந்து தூவுவார்கள். எதைத் தடவினாலும், காயத்தை ஆற்றுவது வறட்சிதான்.

ஆறிய தலையை உலர்ந்த மண்கலவையின் மேல் உட்கார்த்தி வைத்தால் போதும். புதைக்க வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அதன்பிறகே முதல் தண்ணீர். இடைப்பட்ட நாட்களில் இலை சற்றுச் சுருங்கும். இலையில் சேமித்த நீரை எடுத்துத்தான் செடி வேர் விடுகிறது. அந்தச் சுருக்கத்தைக் கண்டு மனம் இரங்கித் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. மிஞ்சிய அடித்தண்டு கெட்டியாக இருந்தால் அதையும் வீசாதீர்கள். பக்கவாட்டில் குட்டிகள் துளிர்க்கும். போன ஒரு செடிக்கு மூன்று நான்காகத் திரும்பி வரும்.

அடீனியத்துக்கு வேறு கணக்கு. அதன் உருண்டைத் தண்டில் ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று அமுங்கினால், அந்தப் பகுதியைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, கெட்டியான சதை தெரியும்வரை சுத்தம் செய்து, செடியை நிழலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். குழி விழுந்த அந்தத் தழும்போடே அது பல வருடம் பூக்கும்.

வெளிச்சம் போதாமல் நெட்டையாக, இலைக்கு இலை இடைவெளி விட்டு வளர்ந்த செடி பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அதற்கும் தலைவெட்டுதான். ஆனால் அறைக்குள் வெளிறிக் கிடந்த செடியைப் பரிதாபப்பட்டு ஒரேயடியாக மொட்டைமாடி வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெந்துபோகும். காலை வெயிலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். வெயில் சுட்ட தழும்பு மறையாது. புது இலை வந்து அதை மூடும்.

■ பெட்டிச் செய்தி: எந்த இலை வேர் பிடிக்கும்?

எச்சிவேரியா, கிராப்டோபெட்டாலம், சீடம், ஜேட்: ஒற்றை இலையில் இருந்தே புதுச் செடி வரும். இலை அடிப்பகுதி கிழியாமல் முழுதாகப் பிரிய வேண்டும். இரண்டு மூன்று நாள் உலர்த்தி, மண்மேல் படுக்க வைத்தால் போதும்.

சோற்றுக்கற்றாழை: இலையை நட்டால் அழுகும். பக்கக் கன்றைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

ஸ்நேக் பிளான்ட்: இலைத் துண்டு வேர்விடும், பொறுமை வேண்டும். மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலையில் இருந்து வளர்த்தால் அந்த மஞ்சள் வராது.

ரணகள்ளி: இலை ஓரத்தில் இருந்தே குட்டிகள் வரும். நம் ஊரில் இதற்கு 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றே பெயர்.

இரவில் மூச்சுவிடும் செடி

அந்த ரணகள்ளியில் இருந்துதான் நம் பால்கனிப் பிரச்னைக்கு விளக்கம் கிடைக்கிறது. தரங்கம்பாடிக்கு மத ஊழியராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரத்தில் மென்று பார்த்து, காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் மாலையில் கசப்பை நெருங்கியும் இருப்பதைக் கவனித்தார். அதை லண்டன் லின்னியன் சங்கத்துக்கு எழுதினார், 1815இல் அச்சாகியது. காலையில் ஏன் புளிப்பு? பிற்காலத்தில் விடை தெரிந்தது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். இவை பகலில் மூடிவைத்து, இரவில் திறந்து எடுத்து, மாலிக் அமிலமாகச் சேமித்து, விடிந்த பிறகு வெளிச்சத்தில் பயன்படுத்தும். பகல் வெப்பத்தில் நீர் வீணாகாமல் இருக்க வறண்ட நிலச் செடிகள் கண்டுபிடித்த வழி இது.

இந்த ஏற்பாட்டுக்கு இரவு குளிர்ந்தால்தான் வசதி. எச்சிவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்ஸிகோவின் உயரமான மலைப்பகுதிச் செடிகள். அங்கே பகல் எப்படிச் சுட்டாலும் இரவு இதமாகிவிடும். சென்னையிலோ மே மாதம் குறைந்தபட்ச வெப்பநிலையே 28 டிகிரி செல்ஸியஸை ஒட்டி நிற்கிறது. காற்றிலோ கடல் ஈரம். இரவும் சூடாக இருந்தால் இலைத்துளை சரியாகத் திறக்காது. செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும். வளராத செடி நீர் குடிக்காது. குடிக்காத நீர் மண்ணில் தேங்கும். மூன்று நாளில் காய வேண்டிய தொட்டி பத்து நாளாகியும் காயாது. கத்திரி வெயிலில் செடி வாடுகிறதே என்று நாம் தினமும் ஊற்றுவது இந்த அரைத்தூக்கத்தின்மேல்தான்.

கோடை ஒரு அடி கொடுத்துவிட்டுப் போனதும் ஐப்பசி வந்துவிடுகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேலானது அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். கோடையில் ஏற்கெனவே நலிந்த வேர் இந்த ஈரத்தைத் தாங்காது. மழையில் செத்ததாகத் தெரியும் செடிகளில் பலவற்றுக்கும் நோய் தொடங்கியது மே மாதத்தில்தான்.

சந்தைக்கு வரும் செடி எங்கே வளர்ந்தது என்று பார்த்தால் இது இன்னும் புரியும். இமயமலை அடிவாரத்துக் காலிம்போங், கள்ளி மற்றும் சக்குலன்ட் நர்சரிகளுக்குப் பெயர்போன ஊர். குளிர்ந்த மலைக்காற்றில் வளர்ந்த செடி, பெட்டிக்குள் பல நாள் பயணம் செய்து, சமவெளியின் புழுக்கத்துக்கு வந்து சேர்கிறது. வந்த அன்றே அதற்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். புது மண்ணில் வைத்து, ஒரு வாரம் நிழலில் விட்டுவிடுங்கள்.

ஏற்காட்டிலோ உதகையிலோ இருக்கும் உறவினர் வீட்டில் அதே செடி தழைத்திருப்பதைப் பார்த்து நொந்துகொள்வதிலும் அர்த்தமில்லை. அங்கே இரவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

அழகுத் தொட்டி என்னும் பொறி

திருமண விழாக்களில் தரும் குட்டிப் பீங்கான் கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் துளை இருக்காது. கண்ணாடிக் குடுவைக்குள் கூழாங்கல் அடுக்கி விற்கும் அலங்காரமும் அப்படியே. அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடிந்துவிடும் என்பது தவறு; வெளியேற வழியில்லாத நீர் அங்கேயே தங்கி, வேரை எட்டிக்கொண்டிருக்கும்.

தொட்டியை விடவும் பெரிய பொறி மண்ணுக்குள் இருக்கிறது. எடை குறைவு, அனுப்புவது எளிது என்பதால் நர்சரிகள் தேங்காய்நார்க் கழிவில்தான் செடிகளை வளர்க்கின்றன. தினமும் நூற்றுக்கணக்கான செடிகளைக் கவனிக்கும் கைகளுக்கு அது சரி. நம் வீட்டில் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ நீரையே ஏற்காது, ஊற்றியது பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். வாங்கிய சில நாளில் அதை உதிர்த்துவிட்டுக் கலவையை மாற்றுவதுதான் புதியவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம். வேரின் நடுவில் சின்ன வலைப்பை ஒன்று ஒளிந்திருக்கலாம்; அதையும் மெல்லப் பிரித்து எடுங்கள்.

கலவைக்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. பட்டாணி அளவு செங்கல் உடைசல், சலித்துக் கழுவிய எம்-சாண்ட் குருணை, கரித்துண்டு எல்லாம் சேர்த்து மூன்று பங்கு; செம்மண்ணும் மக்கிய உரமும் சேர்ந்து ஒரு பங்கு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதன் மாவுத்தூள் சிமென்ட் பூச்சு மாதிரி இறுகிவிடும். பெர்லைட் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. பூச்சு இல்லாத மண்தொட்டி எல்லாவற்றிலும் மேல். அதன் சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும்.

எப்போது ஊற்றுவது என்று நாட்காட்டி பார்க்க வேண்டாம். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்தால் இன்று வேண்டாம். உலர்ந்து வந்தால் நாளை மறுநாள். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் நகர்த்திவிட்டு, வாரக்கணக்கில் ஊற்றாமலே விடலாம். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் நீர் வேரையும் அழுக வைக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும்.

வாங்கும்போதே விதி முடிந்துவிட்ட செடிகளும் உண்டு. பச்சைத் தண்டின்மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக இருக்கும் 'மூன் கேக்டஸ்' ஒட்டுச்செடி. மேலிருக்கும் வண்ண உருண்டைக்குப் பச்சையம் கிடையாது. தானாக உணவு தயாரிக்க முடியாமல், கீழே இருக்கும் டிராகன் பழ வகைத் தண்டை நம்பியே வாழ்கிறது. சில ஆண்டுகளில் இரண்டும் பிரிந்துபோவது அதன் இயல்பு. கள்ளியின் உச்சியில் பசைவைத்து ஒட்டிய காகிதப் பூவையும், இலைமேல் அடித்த வண்ணப் பூச்சையும் மன்னிக்க முடியாது. இலைத்துளையை அடைத்துச் செடியை மூச்சுத்திணற வைக்கும் வியாபாரம் அது. அவற்றை வாங்காமல் இருப்பதே நாம் சொல்லக்கூடிய பதில்.

வெள்ளைப் பஞ்சைக் கண்டால்

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறினாலும் அதையே சந்தேகப்படுங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். உடனே அந்தத் தொட்டியைத் தனியே வையுங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். வெயிலில் செய்யாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், முட்டைகள் தப்பியிருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் பலன் தரும், ஆனால் எச்சிவேரியா இலைமேல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் மெழுகுப் பூச்சை அது அழித்துவிடும். மேலே பூச்சியே இல்லாமல் செடி நலிந்துகொண்டே போனால் வேரைப் பாருங்கள். அங்கேயும் இதன் இனம் ஒன்று வாழும்.

■ பெட்டிச் செய்தி: சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

மாவுப்பூச்சியின் உறவுக்காரப் பூச்சி ஒன்றுக்கு மதராஸோடு பழைய தொடர்பு உண்டு. கள்ளியை உண்டு வாழும் ஒரு பூச்சியில் இருந்து உயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும் என்பதற்காக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலில் இருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறு இனப் பூச்சி. சாயம் மட்டம், கள்ளியை மட்டும் நன்றாகவே தின்று அழித்தது. அந்த அனுபவம் வீணாகவில்லை. தென்னிந்தியாவின் தரிசுகளில் சப்பாத்திக்கள்ளி பரவி மண்டியபோது, 1926இல் இலங்கையில் இருந்து இதே குடும்பத்தின் இன்னோர் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். புதர்கள் மடிந்தன.

■ பெட்டிச் செய்தி: பால் வடிந்தால் கவனம்

திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி வகைகளை வெட்டும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் பார்வைப் பாதிப்பும் வரலாம். அடீனியத்தின் சாறும் நஞ்சு. கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறைய நீரால் கழுவிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தொலைதூரத்தில் விழும் அடி

செத்த செடிக்குப் பதில் இன்னொன்று என்று வாங்கிக்கொண்டே போவது நம் பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. உலகம் முழுக்க இந்த மோகம் ஏறியதில், பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் வளரும் கோனோஃபைட்டம் என்னும் குட்டிச் செடிகள் காட்டில் இருந்தே பிடுங்கப்பட்டுக் கடத்தப்படுகின்றன. சில ஆண்டுகளில் அங்கே பறிமுதலானவை மட்டும் பல லட்சம். கலிஃபோர்னியாவின் கடலோரப் பாறைகளில் இருந்து டட்லியா செடிகளைத் திருடுவது பெருகி, அதைத் தடுக்க அந்த மாநிலம் 2021இல் தனிச் சட்டமே இயற்றியது.

நம் நர்சரிகளில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் பெருக்கியவை. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் இணையத்தில் 'அபூர்வ வகை' என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி, மேல்தோல் சொரசொரப்பாக, வேர் அறுபட்டு, ஒன்றுக்கொன்று அளவு மாறுபட்டு வரும் செடிகளைத் தவிர்க்க வேண்டும். குளிர்காலத்து ஈரத்தில் வளர்ந்து கோடையில் முழுத்தூக்கம் போடும் கோனோஃபைட்டம் நம் ஆடி மாதப் புழுக்கத்தில் பிழைப்பது மிகக் கடினம். அங்கே ஒரு குன்று வெறுமையாகும், இங்கே ஒரு தொட்டி காலியாகும்.

எதில் இருந்து தொடங்கலாம்?

சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலை ஒட்டிய ஊர்க்காரர்கள் எச்சிவேரியாவில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதை இரண்டு மழைக்காலம் அனுபவப்பட்ட பிறகு வாங்கலாம். மொட்டைமாடியில் நல்ல வெயில் உண்டென்றால் அடீனியம். கத்திரியில் சிரித்துக்கொண்டு பூக்கும், மழையில் மட்டும் ஒதுக்கி வையுங்கள். காலை வெயில் மட்டும் விழும் பால்கனிக்கு ஜேட் இனத்தை ஒத்த போர்ச்சுலகேரியா. வெயிலே விழாத சன்னலோரத்துக்கு ஹவோர்த்தியா; தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் ஒதுங்கி வளரும் செடி அது. அறைக்குள் ஸ்நேக் பிளான்ட். அதன் நெருங்கிய உறவான மருள் நம் ஊர்க் காட்டிலேயே இருக்கிறது.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால் ஒரு துண்டு பிரண்டை, ஒரு சோற்றுக்கற்றாழைக் கன்று, ஒரு ரணகள்ளி இலை. யார் வீட்டிலும் கேட்டால் கிடைக்கும். இவற்றில் ஒன்றை வேண்டுமென்றே வெட்டி, உலர்த்தி, வேர் பிடிக்க வைத்துப் பாருங்கள். பிழைக்க வைக்கும் பழக்கம் கைக்கு வந்தபிறகு விலையுள்ள செடியில் பிளேடு வைக்கக் கை நடுங்காது.

வீட்டு விசேஷத்துக்குச் செடி கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீங்கான் கிண்ணத்துக்குப் பதிலாகத் துளையுள்ள சின்ன மண்தொட்டி கேளுங்கள். உள்ளே எச்சிவேரியாவுக்குப் பதில் போர்ச்சுலகேரியாவோ ரணகள்ளியோ வைக்கச் சொல்லுங்கள். 'மண் முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர்' என்று தமிழில் ஒரு வரி எழுதித் தொட்டியில் கட்டிக் கொடுங்கள்.